கிள்ளான் கோர்ட்டுக்கு எடுத்துப்போன புத்தகம்

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. வேற எதையும் பேசாதே."

அத்தான் அப்படிக் கத்துவார் என்று நான் நினைத்ததே இல்லை. கூண்டில் நின்ற பெண் திறந்த வாய் திறந்தபடியே நின்றாள். கிள்ளான் கோர்ட்டில் அன்று மின்விசிறி ஓடவில்லை. வெளியே அவளுடைய கைக்குழந்தை யாரோ ஒருத்தியின் இடுப்பில் இருந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

நான் அத்தானின் நீதிபதி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் கறுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் வேலைக்காரியைக்கூட "அம்மா" என்று கூப்பிடுகிற மனிதர் அவர்.

போன வாரம் மரவள்ளிக்கிழங்கு மாவில் அக்கா தோசை சுட்ட கதையைப் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். அதே வீடுதான், அதே மனிதர்கள்தான். ஆனால் இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை.

உடைந்த மூக்குக் கண்ணாடி

அத்தான் என்று நான் சொல்வது மங்களம் அக்காவின் கணவர் சபாபதியை. லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்து கோலாலம்பூரில் வக்கீல் தொழில் செய்தவர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அம்மா காலமான பிறகு நானும் அங்கேதான்.

அத்தானுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை மோசம். சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமல் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. ஜப்பான் விமானங்கள் முதல் தடவை குண்டு போட்ட அன்று எல்லோரும் சாக்கடைக்குள் ஓடிப் படுத்தோம். எழுந்து பார்த்தால் கண்ணாடி யாருடைய செருப்புக்கடியிலோ தூளாகிக் கிடந்தது.

அதற்குப் பிறகு ஊரில் கண்ணாடி செய்ய ஆளில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த பழைய கண்ணாடிகளையெல்லாம் வாங்கிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஒத்துவரவில்லை. ஒரு கிழவரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்து, "நீ இன்னும் இரண்டு பேராத்தான் தெரியறே" என்றார். அக்கா சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதாள்.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, ஆசிரியை வேலைக்குக் காத்திருந்தவள். படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது சிப்பாய்கள் குடியிருந்தார்கள். சும்மா இருந்த எனக்கு அத்தானுக்குப் படித்துக் காட்டுகிற வேலை வந்து சேர்ந்தது. மத்தியானச் சாப்பாடு என்ற பெயரில் எதையாவது விழுங்கிவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சட்டப் புத்தகங்களைச் சத்தமாகப் படிப்பேன். முதலில் ஒன்றும் புரியாது. பிறகு சண்டை போடும் அளவுக்குப் புரிய ஆரம்பித்தது.

கடலைப் பொட்டலத்தில் தீர்ப்புகள்

அவர் சேர்த்து வைத்திருந்த நூல்கள் ஒரு அறை நிறைய இருந்தன. கிழங்குக்கும் உப்புக்குமாக அவை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுப் போயின. வாங்கினவர்கள் படிக்கிறவர்கள் இல்லை, கடலை விற்கிறவர்கள். ஒரு நாள் பாசாரில் கடலைப் பொட்டலம் வாங்கிப் பிரித்தால், உள்ளே அத்தானே பென்சிலில் கோடு போட்ட பக்கம். ஏதோ ஒரு பழைய கொலை வழக்கின் தீர்ப்பு. அதை அவரிடம் காட்டவில்லை.

கடைசியில் இரண்டு புத்தகங்களை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொண்டார். இரண்டும் சட்டம் என்றால் என்ன என்பதைப் பற்றியவை.

கறுப்பு அட்டைப் புத்தகம் சொன்னது இது: நாட்டை ஆள்கிறவன் போடுகிற உத்தரவுதான் சட்டம். மீறினால் தண்டனை உண்டு. உத்தரவு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம், நீதிபதிக்கு அதில் வேலை இல்லை. சிவப்புத் தோல் அட்டைப் புத்தகம் நேர் எதிர். நியாயத்துக்கு விரோதமான உத்தரவுக்குப் பின்னால் எத்தனை துப்பாக்கி நின்றாலும் அதைச் சட்டம் என்று சொல்லக் கூடாது என்று அது அடித்துப் பேசியது.

எனக்குக் கறுப்புப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. தெருமுனையில் நிற்கிற ஜப்பான் சிப்பாய்க்குத் தினமும் குனிந்து வணங்கிவிட்டு வருகிற எனக்கு, அதை எழுதியவனும் அவனும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள். அதைச் சொன்னால் அத்தான் சிரிப்பார். "ரெண்டையும் முழுசாப் படி" என்பார்.

நாற்காலி

மூடிக் கிடந்த கோர்ட்டுகளை ஜப்பான்காரர்கள் மறுபடி திறந்தபோது உள்ளூர் வக்கீல்கள் சிலரைக் கூப்பிட்டு நீதிபதிகளாக உட்கார வைத்தார்கள். அத்தானைக் கிள்ளானுக்குப் போட்டார்கள். விருப்பமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கண் தெரியாது என்று சொன்னார். கண்ணுக்கு ஆள் வைத்துக்கொள் என்று பதில் வந்தது. அந்த ஆள் நான்.

நான் அழகாகத் தெரியக் கூடாது என்று அக்கா என் தலைமுடியைக் காதுக்கு மேலே வெட்டிவிட்டாள். தன்னுடைய நைந்த சேலை ஒன்றை உடுத்திவிட்டு, நெற்றி வகிட்டில் குங்குமத்தையும் அப்பினாள். கல்யாணமானவள் என்றால் சிப்பாய்கள் விட்டுவிடுவார்களாம். அது உண்மையில்லை என்று அவளுக்கும் தெரியும். அப்படித்தான் ரயிலில் கிள்ளானுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம்.

கோர்ட்டில் அத்தானுக்கு வலது பக்கம் ஒரு ஜப்பான் ராணுவ அதிகாரி உட்காருவான். வழக்கு விசாரிக்க மாட்டான், பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். முதல் நாள் சீருடையில் பார்த்ததுமே அவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. யுத்தத்துக்கு முன்னால் கிள்ளானில் போட்டோக் கடை வைத்திருந்த ஜப்பான்காரர். அக்கா அத்தான் கல்யாணப் படம் எடுத்தவரே அவர்தான். அக்காவின் மாலையைச் சரிசெய்து, முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்ன அதே கை இப்போது வாள் உறையைப் பிடித்திருந்தது. எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இங்கிலீஷ் புத்தகங்கள் மேசையில் குவிவது அந்த அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. ஒரு தீர்ப்புக்கு ஒரு புத்தகம் போதும், எதை நம்பித் தீர்ப்புச் சொல்கிறாயோ அதை மட்டும் கொண்டு வா என்று உத்தரவு போட்டான்.

பாக்கியத்தின் வழக்கு

கூண்டில் நின்ற பெண்ணின் பெயர் பாக்கியம். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் அரிசியைக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது ஒரு உத்தரவு இருந்தது. குழந்தையைக் கட்டியிருந்த துணிக்குள் அரிசியை முடிந்துகொண்டு போனபோது பிடித்துவிட்டார்கள்.

முந்தின நாள் மத்தியானம் இரண்டு புத்தகங்களிலிருந்தும் அத்தான் கேட்ட பகுதிகளைப் படித்தேன். சிவப்புப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் அவளுக்காகவே எழுதின மாதிரி இருந்தது. பசித்தவள் ஏன் அப்படிச் செய்தாள், எந்த நிலைமையில் செய்தாள் என்று நீதிபதி விசாரிக்க வேண்டும் என்றது. அத்தான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, "நாளைக்குக் கறுப்பை எடுத்து வை" என்றார்.

இரவெல்லாம் அவர் மேல் கோபமாக இருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கோர்ட்டில், "எதுக்காக அரிசியை எடுத்துப் போனேன்னா சாமி..." என்று அவள் ஆரம்பித்தபோதுதான் அப்படிக் கத்தினார். இனிமேல் இந்த மனிதருக்கு ஒரு வரிகூடப் படித்துக் காட்டக் கூடாது என்று முடிவுசெய்தேன்.

அவர் அவளிடம் தமிழில் கேட்டவை சின்னக் கேள்விகள். உனக்குப் படிக்கத் தெரியுமா? தெரியாது. இப்படி ஒரு உத்தரவு இருப்பதாகத் தோட்டத்தில் யாராவது வந்து சொன்னார்களா? இல்லை. அறிவிப்பு எங்கே ஒட்டியிருந்தது என்று பிடித்துவந்தவனைக் கேட்டார். டவுனில், ஜப்பானிய மொழியிலும் மலாயிலும் என்றான் அவன்.

கறுப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுக்கச் சொன்னார். எடுத்து வாசித்தேன். ஆள்கிறவனின் உத்தரவு யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவர்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அறிவிக்காத உத்தரவு இன்னும் உத்தரவே ஆகவில்லை. போட்டோக்காரர் அதை அதிகாரியிடம் சொன்னார். அரசாங்கத்தின் அதிகாரத்தை அந்தப் புத்தகம் எவ்வளவு உயர்த்திப் பேசுகிறது என்பதையும் சொல்லியிருப்பார்போல. அதிகாரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினான், தலையாட்டினான். பாக்கியம் விடுதலை.

திரும்பி வரும் ரயிலில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அத்தான் வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். "பிடிச்ச இடம் எங்கேன்னு நீதானே படிச்சே? லயத்து வீடுங்களுக்குப் போற வழியில இல்ல, காட்டோரமா. வீட்டுக்கு அரிசி கொண்டுபோறவ காட்டுப்பக்கம் ஏன் போறா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து ஆண்களை, இப்போது தாய்லாந்து என்கிறோமே அந்தச் சயாமுக்கு, ரயில் பாதை போட லோரி லோரியாக ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அதற்குத் தப்பி அவள் புருஷன் காட்டுக்குள் ஒளிந்திருந்தான். ஏன் என்று நியாயம் விசாரித்திருந்தால் அவள் தன் வாயாலேயே அவனைக் காட்டிக்கொடுத்திருப்பாள். சிவப்புப் புத்தகம் ஏன் என்று கேட்கும். கறுப்புப் புத்தகம் கேட்காது.

பாக்கியம் பிறகு பிள்ளையோடு காஜாங் பக்கம் உறவுக்காரர்களிடம் போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் புருஷன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

ஒலிபெருக்கி லோரி

பாக்கியம் தப்பிய சந்தோஷம் நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஒரு லோரி வந்தது. மேலே ஒலிபெருக்கி. ஒருவன் நல்ல தெளிவான தமிழில் உத்தரவுகளை ஒவ்வொன்றாக வாசித்தான். அரிசி, துணி, வானொலிப் பெட்டி, ஆள் எடுப்பு. கடைசியில், "இனிமேல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது" என்று முடித்தான்.

அதே லோரி தோட்டம் தோட்டமாகப் போயிற்று. அந்த அதிகாரி கறுப்புப் புத்தகத்தை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான்.

அத்தான் அன்று சாப்பிடவில்லை. லோரி இப்படி வந்து வாசிப்பதற்குக் காரணம் அவர் தீர்ப்புதான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு கோர்ட்டில் "எனக்குத் தெரியாதுங்க" என்ற பதில் நின்றுபோயிற்று. சிலரை அவர் சிறைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முடிந்தவரை குறைத்துக் கொடுப்பார். வீட்டில் பேச்சும் குறைந்தது.

நானாவின் கஞ்சி

பிறகு சேக் மைதீன் நானாவின் வழக்கு வந்தது. கிள்ளானில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் நாகூர் பக்கத்தில், இங்கே தனி ஆள். அரிசியைப் பதுக்கக் கூடாது என்ற உத்தரவை மீறி, கடைக்குப் பின்னால் விறகு அடுக்குக்கடியில் அரிசி மூட்டைகளை மறைத்துவைத்திருந்தார். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் தெருவில் அலைந்துகொண்டிருந்தன. தினமும் பின்வாசலில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

போலீசில் அவர் எதையும் மறைக்கவில்லை. லோரி வாசித்ததைக் கேட்டேன், தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லிவிட்டார். வழக்குக் காகிதத்தை நான் படித்து முடித்ததும் அத்தான் அதை மறுபடியும் படிக்கச் சொன்னார். கறுப்புப் புத்தகத்தில் இந்த மனிதருக்குத் தப்ப ஒரு சந்துகூட இல்லை.

"நாளைக்குச் சிவப்பை வை" என்றார்.

இந்தத் தடவை எனக்குத்தான் பயம் வந்தது. அவர் குளிக்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ரெண்டும் ஒரே கனம்தானே கௌரி. நீ எதை வெச்சாலும் அவருக்குத் தெரியாது. கறுப்பை வை. கோர்ட்டுக்குப் போன பிறகு அவர் என்ன செய்ய முடியும்? அந்தாளுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கிடைக்கும். இவர் உயிரோட இருப்பாரு."

அவள் சொன்னது சரி. வாசிக்கப்போவது நான். அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. இரண்டு புத்தகங்களையும் மேசையில் வைத்துக்கொண்டு நின்றேன். குளியலறையில் அவர் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. கடைசியில் சிவப்பை எடுத்துப் பைக்குள் வைத்தேன். பார்வை போன மனிதரின் பையில் அவர் கேட்டதைத்தான் வைக்க முடியும் என்று தோன்றியது. அதற்கு மேல் எந்தக் காரணமும் என்னிடம் இல்லை. அக்கா என் கையை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்தச் சத்தம்

கோர்ட்டில் தீர்ப்பை முதலில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதைப் போட்டோக்காரர் ஜப்பானிய மொழியில் சொல்வார். அதற்குப் பிறகுதான் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில்.

நான் சிவப்புப் புத்தகத்திலிருந்து வாசித்தேன். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, பசித்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுவதைக் குற்றம் என்று சொல்கிற உத்தரவு சட்டமாகாது, இவர் குற்றவாளி இல்லை என்று இங்கிலீஷில் சொன்னார். போட்டோக்காரர் பேசாமல் நின்றார். அதிகாரி அவரைப் பார்த்து உறுமிய பிறகுதான் மெதுவாக மொழிபெயர்த்தார்.

அதிகாரி எழுந்து வந்தான். அத்தானுக்கு அவன் வருவது தெரியவில்லை. கூண்டுப் பக்கம் திரும்பி, தமிழில் சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தார்.

அறை அவர் இடது காதில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். நீதிபதியை, நீதிபதியின் நாற்காலியிலேயே வைத்து, அத்தனை பேர் பார்க்க. நான் அலறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. சிவப்புப் புத்தகம் என் மடியில் திறந்தபடியே கிடந்தது. அவர் கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். எதைத் தேடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குள் மறுபடியும் அடி விழுந்தது.

அதிகாரியே அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். நானாவை இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தானை வேறு வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். போட்டோக்காரர் என் பக்கம் வந்து, புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போ" என்று மலாயில் மட்டும் சொன்னார். ரயிலில் தனியாக வந்தேன். வாசலில் நின்ற அக்கா என் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்தாள். அவள் என்னோடு பேச மாதக்கணக்காயிற்று.

அத்தான் திரும்பி வந்தபோது இடது காது செவிடாகியிருந்தது, வலது காதிலும் கிட்டப் போய்ச் சொன்னால்தான் கேட்கும். விரல்களை முழுசாக மடக்க முடியாது. உள்ளே நடந்ததை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நானா வந்த நாள்

ஜப்பான்காரர்கள் சரணடைந்து, சிறைக் கதவுகள் திறந்த பிறகு ஒரு காலை நேரம். எலும்பும் தோலுமாக ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சேக் மைதீன் நானா என்று அடையாளம் தெரியவே எனக்கு நேரமாயிற்று.

"நீதிபதி ஐயாவைப் பார்க்கணும்" என்றார். குரலில் கடுப்பு இருந்தது.

அத்தான் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். நானா உள்ளே வந்து உட்காராமல் நின்றார். கேட்க வந்ததை நேராகக் கேட்டார்.

"உள்ளே கெடந்த அத்தனை நாளும் ஒங்களத்தான் நெனச்சிட்டிருந்தேன். எனக்கு நீங்க கொடுத்த தண்டனை பத்தலன்னுதானே அவன் ஒங்கள அடிச்சான்? பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தினதுக்கு எவ்வளவு போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒரு கணம் அவர் சொன்னது புரியவே இல்லை. பிறகுதான் விளங்கியது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் சொல்வதற்குள் அடி விழுந்துவிட்டது. சிறையில் வந்து பார்க்கவும் ஆளில்லை. தான் விடுதலையானது தெரியாமலேயே அந்த மனிதர் இத்தனை காலம் உள்ளே கிடந்திருக்கிறார். விடுதலை செய்தவரைச் சபித்துக்கொண்டு.

அத்தானுக்கு எதுவும் கேட்கவில்லை. யார், என்ன என்று முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அவருடைய வலது காதில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். நானா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"சேக் மைதீன், உங்க பேர்ல எந்தக் குற்றமும் இல்ல. நீங்க போகலாம்."

நானா போகவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்படி வாசலில் நின்ற அக்கா உள்ளே போய், சீனியில்லாத தேத்தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். வெகுநேரம் அது அப்படியே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.